யானை வழியில் ஓர் அறை

காட்டு ரிசார்ட் விளம்பரங்களைப் பத்து நிமிடம் புரட்டினாலே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். மெத்தை, சாப்பாடு, நீச்சல்குளம் எல்லாம் பின்வரிசையில்தான் வருகின்றன. முன்வரிசையில் தனிமை. அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது, செல்போனுக்கு சிக்னல் கிடையாது, தார்ச்சாலை முடிந்த பிறகும் ஜீப்பில் அரைமணி நேரம் போக வேண்டும், இரவில் வராந்தாவில் உட்கார்ந்தால் யானை தெரியும். எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு வாடகை. வாங்குகிற நாமும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். சோலார் விளக்கு இருக்கிறதா, பிளாஸ்டிக் பாட்டில் தருகிறார்களா, மண்சுவரா சிமென்ட் சுவரா என்று பார்த்து, நல்ல ரிசார்ட் எது கெட்ட ரிசார்ட் எது என்று முடிவு கட்டுகிறோம். என் கட்சி வேறு. ஒரு காட்டு விடுதியைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது நிற்கிற இடம் எது என்பது. இடம் தப்பாக இருந்தால் மற்ற எந்த நல்ல குணமும் அதைக் காப்பாற்றாது. விளம்பரம் பெருமையாகச் சொல்கிற அந்தத் தனிமைதான், பல சமயம், இடம் தப்பு என்பதற்கான முதல் அறிகுறி.

இதைப் பொதுவில் பேசினால் உபதேசமாகிவிடும். நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது, அதை வைத்துப் பேசலாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வருவது சீகூர் பீடபூமி. தெற்கே நீலகிரி மலை செங்குத்தான சுவர்போல நிற்கிறது. வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுக்கமான சமவெளியில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், ஆனைகட்டி எல்லாம் இருக்கின்றன. மேற்கே முதுமலை, அதையொட்டி பந்திப்பூர், வயநாடு, நாகரஹொளே. கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் இது. ஆசிய யானைகள் உலகிலேயே மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பின் இடுப்புப் பகுதி என்றே சொல்லலாம். மலைச்சுவரில் யானை ஏறாது, பள்ளத்தாக்கில் நினைத்த இடத்தில் இறங்காது. மழையையும் புல்லையும் தண்ணீரையும் பின்தொடர்ந்து மேற்கும் கிழக்குமாக அது போய்வர வேண்டுமென்றால் இந்தச் சமவெளியை விட்டால் வேறு வழியில்லை. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். நீலகிரிப் பகுதியில் ரேடியோ பட்டை கட்டிச் செய்த ஆய்வுகள், ஒரு யானைக் கூட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் சுற்றுவதாகக் காட்டின. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியவந்தது. கூட்டம் தன் பரப்பை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. வழி மறிக்கப்பட்டால் வேறு நாட்டைத் தேடிப் போகாது, அதே நாட்டுக்குள் வேறொரு சந்து தேடும். அந்தச் சந்து பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் ராகி வயல்.

இந்தச் சமவெளியில் ரிசார்ட்டுகள் முளைத்தபோது அவை தேடிப் போனது ஊர் நடுவை அல்ல. மசினகுடி கடைத்தெருவில் அறை எடுக்க யார் கூடுதல் பணம் தருவார்கள்? ஊர் முடிந்து காடு தொடங்குகிற விளிம்பில், ஓடைக்கரையில், யாரும் குடியிருக்காத பட்டா நிலங்களில் கட்டினார்கள். அந்த நிலத்தில் ஏன் யாரும் குடியிருக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது யானை நடக்கிற இடம் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வழியை மீட்கக் கோரி வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஆகஸ்ட் 31 அன்று தமிழக அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்து அரசாணை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதிக்காரர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்சநீதிமன்ற உத்தரவின்படி மாவட்ட நிர்வாகம் 27 விடுதிகளுக்கு முத்திரை வைத்தது, பின்னால் இன்னும் சிலவற்றுக்கும். 2020 அக்டோபர் 14 அன்று, தலைமை நீதிபதி பாப்டே தலைமையிலான மூவர் அமர்வு அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்து, தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. அரசாணைக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்தில் பெரும்பகுதி, நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கலாம். பில்லில் வழக்கு எண் அச்சடிக்கப்பட்டிருக்காது.

ஒரு விடுதி வழியில் இருந்தால் அப்படி என்ன ஆகிவிடும், யானை நாலு அடி சுற்றிப் போகாதா என்று கேட்கலாம். கட்டடம் மட்டும் என்றால் ஒருவேளை போகும். கட்டடம் தனியாக வருவதில்லை. விருந்தினர் உயிருக்கு விடுதிக்காரர் பொறுப்பு. ஆகவே வேலி வரும், அதில் மின்சாரம் வரும். வேலி போட்டால் பக்கத்துத் தோட்டக்காரரும் போடுவார், ஏனென்றால் திருப்பிவிடப்பட்ட யானை இப்போது அவர் வாழையில் நிற்கும். பிறகு பாதை நெடுக மஞ்சள் விளக்கு, சனிக்கிழமை இரவு கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர், இருட்டிய பிறகு ‘ஒரு ரவுண்டு’ கூட்டிப்போகிற ஜீப், அதன் கூரையிலிருந்து அடிக்கிற ஸ்பாட்லைட். மான் வரவேண்டும் என்று உப்பு வைப்பதாகவும், மீந்த சோற்றைக் கொட்டுவதாகவும் புகார்கள் எழாத காட்டோர ஊர் இந்தியாவில் குறைவு. வழி தெரிந்த மிருகம் வழியில் மனிதரைப் பார்த்துப் பழகுகிறது. பழகிய மிருகம் ஒருநாள் மிக நெருங்கிவிடுகிறது. நெருங்கியதும் அதை விரட்ட வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தங்கும் விடுதி ஒன்றுக்குள் வந்த ஆண் யானைமேல் எரிகிற பொருளை வீசினார்கள். அது காதில் மாட்டிக்கொள்ள, நெருப்போடு யானை ஓடுகிற காணொளியை நாடே பார்த்தது. ஏற்கெனவே முதுகில் காயம்பட்டிருந்த அந்த யானை செத்தது. வீசியவர்கள் கைதானார்கள், கைதாக வேண்டியவர்கள்தான். ஆனால் கோபத்தை அவர்களோடு முடித்துக்கொள்வது வசதியான கோபம். மாட்டுவண்டித் தடத்தின் நடுவே கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டு, வண்டி வரும்போது மாட்டை அடிப்பதுபோல்தான் இது. அடித்த கை குற்றவாளி, சரி. கட்டிலை அங்கே போட்டது யார், அதற்கு வாடகை கொடுத்தது யார்?

உள்ளே போய்த் தங்கினால்தான் மிருகம் பார்க்க முடியும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் கபினியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் யானைக் கூட்டம் பார்க்க அதைவிடப் பேர்பெற்ற இடம் சொல்வது கஷ்டம். 1974-இல் அணை கட்டிய பிறகு, கோடையில் நீர் வற்ற வற்ற, நீர்த்தேக்கத்தின் கரையில் பசும்புல் தலைகாட்டுகிறது. சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் கூட்டமாக யானைகள் அங்கே இறங்குகின்றன. அவற்றை அங்கே கொண்டுவருவது பருவமும் தண்ணீரும். பார்க்கிறவர் எந்த அறையில் படுத்தார் என்பதற்கு அதில் பங்கே இல்லை. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980-இல் தொடங்கப்பட்டது. கபினியில் அதன் விடுதி இருப்பது காராப்புரத்தில், மைசூர் மன்னரின் பழைய வேட்டை மாளிகை வளாகத்தில், தேசியப் பூங்காவுக்கு வெளியே. விருந்தினர் வெளியே தூங்கி, குறித்த நேரத்தில் உள்ளே போய், குறித்த நேரத்தில் திரும்புகிறார்கள். அதனால் அவர்களுக்கு யானை குறைந்துவிடவில்லை. சீகூரிலேயேகூட, தெப்பக்காடு–மசினகுடி சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கிற காட்சி, பல ஆயிரம் ரூபாய் காட்டேஜ் வராந்தாவில் கிடைப்பதற்குச் சளைத்ததல்ல. டிக்கெட் விலைதான் கொஞ்சம் வித்தியாசம்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானது வேலைவாய்ப்பு. ரிசார்ட் மூடினால் ஜீப் ஓட்டுநர், சமையல்காரர், அறை சுத்தம் செய்யும் பெண்கள் எல்லோரும் என்ன செய்வார்கள்? இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2018-இல் முத்திரை வைத்தபோது மசினகுடியில் பல அடுப்புகள் அணைந்தன. ஆனாலும் கணக்கை முழுக்கப் போட வேண்டும். இந்தியாவின் பத்துப் பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிய சுற்றுலாவைக் கிருதி காரந்தும் ரூத் டிஃப்ரீஸும் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். விடுதிகளில் 72 சதவீதம் 2000-க்குப் பிறகு கட்டப்பட்டவை, 85 சதவீதம் காட்டின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவை என்று கண்டார்கள். அந்தக் காடுகளைச் சுற்றி வாழும் மக்களில் சுற்றுலாவில் நேரடியாக வேலை பெற்றவர்கள் மிக மிகச் சொற்பம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. விடுதி எல்லையை ஒட்டிக்கொள்கிறது, சம்பளம் அந்த அளவுக்கு ஊருக்குள் பரவவில்லை. செலவோ எல்லோர் தலையிலும். வேலியால் திருப்பப்பட்ட யானை எந்த இருளர் வீட்டுச் சுவரை இடிக்கும், எந்தக் குறும்பர் தோட்டத்தில் இறங்கும் என்று விடுதியின் வரவுசெலவில் எழுதுவதில்லை. வேலை வேண்டும் என்பது நியாயம். அந்த வேலை வழித்தடத்துக்கு நடுவில்தான் கிடைக்க வேண்டும் என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. ஊருக்குள் இருக்கிற விடுதியிலும் சமையல்காரர் வேண்டும், ஜீப் வேண்டும், அறை கூட்ட வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. சுற்றுலா இல்லையென்றால் காட்டைப் பற்றி யார் கவலைப்படுவார்கள், பயணிகளின் கண்தானே வேட்டைக்காரனைத் தடுக்கிறது என்பார்கள். இதில் பாதி உண்மை. கேரளத்தின் பெரியாறு சரணாலயத்தில் வயணப்பட்டை (காட்டு லவங்கப்பட்டை) திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களையே 1990-களின் கடைசியில் குழுவாக்கி, காட்டு நடைப்பயண வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு திருட்டு வழியும் தெரிந்தவர்கள் காவலுக்கு வந்தால் எப்படியிருக்கும்! சுற்றுலாப் பணம்தான் அதைச் சாத்தியமாக்கியது. பரம்பிக்குளத்தையும் பாருங்கள். கேரளத்துக் காடு, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே காடர், மலசர், முதுவர் இன மக்கள் வழிகாட்டிகளாகவும் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். தங்குவதற்குச் சில கூடாரங்கள், மரவீடு, தீவு விடுதி. அறைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதால் எத்தனை பேர் வரலாம் என்பதும் தானாகவே கட்டுப்படுகிறது. இந்த இரண்டு இடத்திலும் குறையே இல்லை என்று சொல்லவில்லை. வனத்துறை முதலாளியாக, பழங்குடிகள் கூலிக்காரர்களாகவே தங்கிவிடும் அபாயம் அங்கும் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது, காட்டைக் காத்தது என்று இந்த உதாரணங்களில் நிரூபணமானது நடந்து ரோந்து போன கால்கள். வராந்தாவில் காபியோடு உட்கார்ந்த விருந்தினரின் கண் எந்தத் திருட்டு மரத்தைக் கண்டுபிடித்தது? சுற்றுலா காட்டுக்கு உதவும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தனிமைக்கு அலையும் ரிசார்ட் அந்தப் பெயரில் கடன் வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மூன்றாவதாக ஒரு கோபம் இருக்கிறது. எங்கள் பட்டா நிலம், நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, அரசு மட்டும் நடுக்காட்டில் மின்நிலையம் கட்டலாமா என்கிற கோபம். மசினகுடிக்குப் பக்கத்தில் சிங்காராவில் மின்வாரியத்தின் கால்வாயும் ராட்சதக் குழாய்களும் யானை வழியை நெருக்கியிருப்பது உண்மைதான். அரசின் கை சுத்தம் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் விதி தனியாருக்கு மட்டும்தான் என்பது சரியல்ல. இன்று தேனி என்றாலே நினைவுக்கு வரும் நியூட்ரினோ ஆய்வகம் முதலில் திட்டமிடப்பட்டது இதே சிங்காராவில். புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் இருக்கிற இடம் என்று சொல்லி, 2009-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்த பிறகுதான் அது தேனிப் பக்கம் பொட்டிபுரத்துக்குப் போனது. அதே 2009-இல் பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மாநிலங்கள் சண்டை போட்டும் அந்தத் தடை நிலைத்தது. இயற்பியலாளர்களும் லாரிக்காரர்களும் யானைக்காக வழிவிட்ட ஊரில் ஓய்வெடுக்க வருகிறவர் மட்டும் விதிவிலக்கு கேட்பது எடுபடாது. பட்டா வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்கிறது. மலைப்பகுதியில் வணிக விடுதிக்கு அதற்கான தனி அனுமதி வேண்டும். குடியிருப்பு வீடு என்று அனுமதி வாங்கி, வாசலில் ரிசார்ட் பலகை மாட்டியது சீகூரில் புதிதல்ல. வழித்தட வரைபடத்தை அரசு தேவைக்கு மேல் அகலமாகப் போட்டுவிட்டது என்றும் வாதிட்டார்கள். இருக்கட்டும். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே இருக்கும் நிலமே இவ்வளவுதான் எனும்போது, சந்தேகத்தின் பலனை யாருக்குத் தருவது? உச்சநீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைச் சொல்லி யானைக்குக் கொடுத்தது. சரியாகவே கொடுத்தது என்பது என் எண்ணம்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே சங்கடம் தரும் கேள்வி வேறொன்று. வனத்துறையின் ஓய்வு விடுதிகள்? கார்பெட் புலிகள் காப்பகத்தில் திகாலா விடுதி காட்டின் நடுவே இருக்கிறதே, தெப்பக்காட்டில் வனத்துறையே அறை வாடகைக்கு விடுகிறதே? பிரிட்டிஷ் காலத்து வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அறைகள் சொற்பம், இரவில் வெளியே போகத் தடை, பாட்டுக்கூத்து இல்லை என்பதெல்லாம் கெடுதலைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. 2012-இல் உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவைச் சில மாதம் நிறுத்திவைத்தது. அதன் பிறகு வந்த தேசியப் புலிகள் காப்பக ஆணைய வழிகாட்டுதல்கள், மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது, புதிய கட்டுமானம் கூடாது என்றன. அரசு விடுதியும் அந்த அளவுகோலின்கீழ்தான் வர வேண்டும். அதே கார்பெட்டில் காட்டுக்கு வெளியே, கோசி ஆற்றங்கரையோரம் திகுலியில் ரிசார்ட்டுகள் தோளோடு தோள் உரசி நின்று, யானைகள் ஆற்றுக்கு இறங்கும் வழியை அடைத்துவிட்டதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். உள்ளே, வெளியே என்கிற கோடு மட்டும் போதாது. காட்டுக்கு வெளியே இருந்தும் வழியை அடைக்கலாம். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கை நாடெங்கும் 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பல காப்பக எல்லைக்கு வெளியே, வயலுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே ஓடுகின்றன.

எனவே காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். கழுத்து வலிக்க மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வானத்தைப் பாருங்கள், தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் மிச்சமிருக்கும் கடைசிப் பெரிய இருப்பிடம் அது. ஆனால் அறை பதிவு செய்யும்முன் விடுதிக்கு ஒரு போன் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். விடுதி ஊருக்குள் இருக்கிறதா, ஊர் தாண்டியா? வேலியில் மின்சாரம் ஓடுகிறதா? இரவு ஜீப் சவாரி உண்டா? கட்டடத்துக்கு வாங்கிய அனுமதி வீட்டுக்கா, விடுதிக்கா? ‘ராத்திரி ரூம் வாசலுக்கே யானை வரும் சார்’ என்று மறுமுனையில் பெருமையாகச் சொன்னால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. போனை வைத்துவிட்டு, மசினகுடி கடைத்தெருவிலோ கூடலூரிலோ ஒரு சாதாரண லாட்ஜில் அறை போடுங்கள். காட்டுக்குக் காலையில் போய்க்கொள்ளலாம்.